இறைவாக்கும் அதை வாசிப்பவரும்

(எல்லைப்புறக் கிராமங்களின் சத்சங்கங்களில் ஆற்றிய உரைகளின் தொகுப்பு)



களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. அங்கிருந்து சிறிது தொலைவில் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. ஆயினும் மக்களின் பேச்சிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவிலும் அந்தக் கோடு இன்றுவரை ஆழமாகப் பதியவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன.

இங்கே குடும்பங்களைப் பிரிக்கும் கோடு வேறொன்று உண்டு. மூத்தவர் கோயிலில் விளக்கேற்றுகிறார். இளையவர் ஒரு சபையில் சேர்ந்து விசுவாசி ஆகிவிட்டார். அன்று முதல் தாயாரின் திதிக்கு அவர் வருவதில்லை. படைத்த உணவைத் தொடுவதில்லை. கேட்டால், 'வேதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது' என்கிறார். இத்தகைய வீடுகளிலிருந்து சத்சங்கத்திற்கு வருபவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சுவாமிஜி, அவர்கள் நூலும் இறைவாக்கு என்கிறார்கள், நம் நூலும் இறைவாக்கு என்கிறோம். அவர்களோடு எப்படிப் பேசுவது?"

எப்படிப் பேசுவது என்பதற்கு முன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சரியாக அறிந்துகொள்வது நம் கடமை. ஒருவர் கூறாததைக் கூறியதாக வைத்துக்கொண்டு அதை மறுப்பது ஆன்மிக சாதகனுக்கு அழகன்று. நம் ஆசாரியர்கள் எதிர்த்தரப்பின் வாதத்தை, அதாவது பூர்வபக்ஷத்தை, அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு விரிவாக எடுத்துரைத்த பின்னரே தங்கள் சித்தாந்தத்தை நிறுவினார்கள். அவ்வழியையே நாமும் பின்பற்றுவோம்.

அடிப்படைவாதம் என்ற பெயர்

'அடிப்படைவாதி' என்ற சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. தொடக்கத்தில் அது அவர்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 'அடிப்படைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. கலிபோர்னியாவைச் சேர்ந்த எண்ணெய்த் தொழிலதிபர் லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரரும் செலவை ஏற்றார்கள். மொத்தம் 90 கட்டுரைகள். ஏறத்தாழ முப்பது லட்சம் பிரதிகள் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பப்பட்டன. 1920-இல் கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராட முன்வருவோரைக் குறிக்க அப்பெயரை உருவாக்கினார்.

அவர்கள் எதற்காகப் போராடினார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் பைபிளை மற்றப் பழைய நூல்களைப் போலவே பகுத்தாராயத் தொடங்கினார்கள். மோசே எழுதியதாகக் கருதப்பட்ட ஐந்து ஆகமங்களும் பல காலத்துப் பல கைகளால் ஆனவை என்றார்கள். 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்தது. நம்பிக்கையாளரின் காலடியில் நிலம் நடுங்கியது. அப்போது அவர்கள் பற்றிக்கொண்ட தூண், 'இந்நூல் இறைவனின் வாக்கு. ஆகவே இதில் பிழை இல்லை' என்ற கோட்பாடு. பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஏ.ஏ. ஹாட்ஜ், பி.பி. வார்ஃபீல்ட் என்னும் இரு இறையியலாளர்கள் 1881-இல் அதைத் தெளிவான வடிவில் எழுதினார்கள். 1978-இல் சிகாகோ நகரில் கூடிய ஏறத்தாழ முந்நூறு பேர் கையொப்பமிட்ட அறிக்கை அதையே பத்தொன்பது உறுப்புகளாக விரித்துரைத்தது.

இங்கே நம்மில் பலர் அறியாத இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, இறைவன் சொல்லச் சொல்ல மனிதர் எழுத்தர்போல் எழுதினார் என்று அவர்களில் கற்றறிந்தோர் கூறுவதில்லை. எழுதியவர்களின் நடையும் இயல்பும் அப்படியே இருக்க, ஒவ்வொரு சொல்லும் இறைவன் கருதியவாறே அமையும்படி அவர் வழிநடத்தினார் என்பதே அவர்கள் கொள்கை. இரண்டாவது, பிழையின்மை என்பது முதன்முதலில் எழுதப்பட்ட மூல ஏடுகளுக்கே உரியது என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். அந்த மூல ஏடுகளில் ஒன்றும் இன்று நம் கையில் இல்லை. உள்ளவை பிரதிகளும் மொழிபெயர்ப்புகளுமே.

கிறிஸ்தவர் அனைவரும் இக்கொள்கையினர் என்று எண்ணுவதும் தவறு. பாறசாலைப் பகுதியில் லண்டன் மிஷன் தொண்டர்கள் நட்ட திருச்சபை 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு ஒன்றாயிற்று. அதற்குள் பல வகைச் சிந்தனைகளுக்கும் இடமுண்டு. நெய்யாற்றின்கரையில் 1996-இல் தனி மறைமாவட்டம் பெற்ற கத்தோலிக்கர்கள், 1965-ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம் உரைத்தபடி, நமது மீட்பின்பொருட்டு இறைவன் அறிவிக்க விரும்பிய உண்மையை நூல் பிழையின்றிப் போதிக்கிறது என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பை 1993-இல் அவர்களுடைய விவிலிய ஆணைக்குழுவே கடிந்துரைத்தது. பெந்தெகொஸ்தே சபையினரோ நூலோடு பரிசுத்த ஆவியின் நேரடி அனுபவத்தையும் வற்புறுத்துபவர்கள். கன்வென்ஷன் பந்தலில் ஒலிபெருக்கி முழங்கினால் எல்லோரும் ஒரே கட்சி என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இரு மரபுகளிலும் ஒரே உவமை

'இந்நூல் மனிதர் ஆக்கியதன்று' என்ற பேச்சு நமக்குப் புதியதா? இல்லவே இல்லை.

கிறிஸ்தவ அடிப்படைவாதிகள் தங்கள் கொள்கைக்கு முதன்மையாகக் காட்டும் ஆதாரம், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் ஒரு கிரேக்கச் சொல். இறைவனால் மூச்சாக விடப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். பிருகதாரண்யக உபநிஷதத்தின் மைத்ரேயீ பிராமணமும் வேதங்களை அந்த மகத்தான மெய்ப்பொருளின் மூச்சு என்றே வர்ணிக்கிறது. ஒருவன் முயற்சியின்றி மூச்சுவிடுவதுபோல் இயல்பாக வெளிப்பட்டவை என்று ஆதிசங்கரர் அதற்கு விளக்கம் தருகிறார். கடல்களும் காலமும் இடையில் கிடக்க, இரு மரபுகளும் ஒரே உவமையைத் தேர்ந்தெடுத்திருப்பது எத்தனை வியப்புக்குரியது!

வேதம் அபௌருஷேயம், யாராலும் இயற்றப்படாதது, என்று மீமாம்சகர்கள் வாதிட்டார்கள். அது ஈசுவரனின் வாக்கு என்று நையாயிகர்கள் நிறுவினார்கள். செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை முடிவுசெய்யச் சாஸ்திரமே பிரமாணம் என்று கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் பகவானே அருளுகிறார். ஆகவே ஓர் ஊழியக்காரர் தம் வேதாகமத்தை மார்போடு அணைத்துச் செல்வதைக் கண்டு நாம் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்தி நம் வீட்டுப் பூஜையறையிலும் இருக்கிறது. 'என் விருப்பத்திற்கு ஏற்ப நூலை வளைக்க மாட்டேன். நூலுக்கு ஏற்ப என்னை வளைப்பேன்' என்னும் உறுதி, எச்சமயத்தில் காணப்பட்டாலும் வணங்கத்தக்கது.

வேற்றுமையையும் மறைக்க வேண்டியதில்லை. வேதத்தின் பிரமாணம் எந்த வரலாற்று நிகழ்ச்சியையும் சார்ந்ததன்று. யாக்ஞவல்கியர் வாழ்ந்த ஆண்டு எது என்று தெரியாவிட்டாலும் அவருடைய உபதேசம் குறைவுபடுவதில்லை. கிறிஸ்தவமோ, இறைவன் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட ஊரில் செயல்பட்டார் என்ற அறிவிப்பின்மீது நிற்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்ற கருத்தைப் பவுலே வெளிப்படையாக எழுதினார். ஆதலால், 'இந்த நிகழ்ச்சி நடக்கவில்லை' என்று யாரேனும் சொன்னால் அவர்களுக்கு அது ஏதோ ஒரு தகவல் பற்றிய சர்ச்சையாகத் தோன்றுவதில்லை. அஸ்திவாரக் கல்லைப் பெயர்ப்பதாகவே தோன்றுகிறது. 'ஒரு வரி தவறானால் மற்ற வரியை எப்படி நம்புவேன்?' என்ற அவர்களுடைய அச்சத்தின் வேர் இதுவே. இதைப் புரிந்துகொண்டால் அவர்களிடம் நமக்குக் கோபம் வராது.

நூலில் பிழையில்லை; வாசிப்பவரிடம்?

சரி, நூலில் பிழையே இல்லை என்று ஒரு கணம் ஏற்றுக்கொள்வோம். அதனால் வாசிப்பவரும் பிழையற்றவர் ஆகிவிடுவாரா? இன்றைய சிந்தனையின் மையம் இதுதான்.

சென்ற காலத்தின் இரு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1845-இல் அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சபையினர் தனி அமைப்பாகப் பிரிந்தனர். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்பதே அப்பிரிவின் மூலகாரணம். ஆகலாம் என்று வாதிட்டவர்கள் பைபிளிலிருந்தே வசனங்களை எடுத்துக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1847-இல், திருவிதாங்கூரில் பணியாற்றிய மிஷனரிகள் இந்நாட்டின் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று மகாராஜாவுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் அதே பைபிள். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் பிரகடனம் வந்தது. நூல் ஒன்று; ஒருவர் அதில் விலங்கைக் கண்டார், இன்னொருவர் சாவியைக் கண்டார்.

இன்னும் அருகில் வருவோம். நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் ஏறிய குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல், தாய்நாட்டில் காத்திருந்த வாய்ப்புகளைத் துறந்து அந்த நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டாற்றினார். காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோயாளிகளைக் குணமாக்கிய இயேசுவின் வரலாற்றை வாசித்து ஒருவர் மருத்துவமனை கட்டினார். அதே வரலாற்றை வாசித்து, மருந்து உண்பது விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டிய கடுமையான சபைகளும் உண்டு. காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்கு இவ்விரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரமாகும்.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வதற்கு இடமில்லை. சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லித்தானே பெருந்தொகையான மக்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினோம்? பொதுச்சாலையில் செல்லும் உரிமைக்காக வெங்கானூரில் அய்யன்காளி 1893-இல் வில்லுவண்டி ஓட்ட வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காண்க என்னும் உபநிஷதங்கள் அக்காலம் முழுவதும் நம் வீடுகளில்தான் இருந்தன. அவற்றில் பிழை இல்லை. வாசித்த கண்ணில் பிழை இருந்தது.

மொழிபெயர்ப்பு கற்பிக்கும் பாடம்

மொழிபெயர்ப்புப் பணியில் ஆண்டுகள் பல கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் பைபிளின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்தது. சீகன்பால்கு அதில் இறைவனைச் சருவேசுரன் என்றார். அதே நூற்றாண்டில் பின்னர் வந்த பப்ரிசியுஸ், பராபரன் என்றார். 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. மலையாள பைபிளிலோ அவர் தெய்வம். பாறசாலையில் ஒரே வீட்டில் தமிழ் பைபிளும் மலையாள பைபிளும் இருந்தால், இரு பெயர்கள் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தமக்கு முந்தியவரின் சொல் போதவில்லை என்று கருதியே புதுச்சொல்லைத் தேடினார். சொல்லுக்கு அப்பாற்பட்டவரைச் சொல்லுக்குள் அழைக்க முயலும் எவருக்கும் இந்தப் பணிவு தானாகவே வந்துவிடும்.

தென்பகுதியில் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்றும் அவர்களுடைய ஆலயத்தை 'வேதக்கோயில்' என்றும் மக்கள் அழைப்பதை அறிவீர்கள். தங்கள் நூலுக்குப் பெயர் தேடியவர்கள் நம் மொழியில் மிக உயர்ந்ததாகக் கண்ட சொல் 'வேதம்'. அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று மனம் வருந்துவோர் உண்டு. நம் சொல்லின் உயர்வை அவர்களும் ஏற்றார்கள் என்று மகிழலாமே!

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உயர்ந்த முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழுத்த சைவர். இளமையில் அவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று பைபிளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் சைவத்தின்மீது வீசப்பட்ட பழிகளுக்கு விடையாக 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். பைபிளின் பழைய ஏற்பாட்டில் விதிக்கப்பட்டுள்ள ஆலயம், பலி, தூபம், தீபம் ஆகியவற்றை அவர் நன்கு கற்றிருந்ததால், கோயில் வழிபாட்டைப் பழித்தவர்களுக்கு அவர்கள் நூலிலிருந்தே விடையிறுக்க முடிந்தது. பிறர் நூலை வாசிக்காமலே இகழ்வோர் நாவலரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிழையுள்ள வாசகர் என்ன செய்வது?

'வாசிப்பவருக்குப் பரிசுத்த ஆவியே ஒளி தருகிறார். எனவே தவறு நேராது' என்று அவர்கள் கூறுவதுண்டு. இதையும் மறுக்க வேண்டாம். ஒளி கிடைத்தது என்பதற்கு அடையாளம் என்ன என்று மட்டும் கேட்போம். அவர்களுடைய நூலே அதற்கு விடை தருகிறது. மரத்தைக் கனியால் அறியலாம் என்பது இயேசுவின் போதனை. அன்பு, மகிழ்ச்சி, சமாதானம், பொறுமை, தயவு, சாந்தம் முதலியவை ஆவியின் கனிகள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பட்டியலிடுகிறார். ஒரு வாசிப்பு இக்கனிகளைத் தந்தால் அது ஒளியிலிருந்து வந்தது; வெறுப்பைத் தந்தால் வேறெங்கிருந்தோ வந்தது.

நம் மரபும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. விவேகம், வைராக்கியம், சமம் தமம் முதலிய அறுவகைச் செல்வம், முமுக்ஷுத்துவம் ஆகிய நான்கும் உடையவனே வேதாந்தம் கேட்க அதிகாரி. நூலைத் திறக்கும் முன் வாசிப்பவனைத் தூய்மையாக்கும் ஏற்பாடு இது. கேட்டதோடு நின்றுவிடாமல் மனனமும் நிதித்தியாசனமும் வேண்டும் என்றும் விதித்தார்கள்.

மேலும் ஒரு காவலை ஆதிசங்கரர் வைத்தார். நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதி வாக்கியங்கள் கூறினாலும் அவை பிரமாணம் ஆகா என்று கீதை உரையில் அவர் துணிந்து எழுதுகிறார். கண்ணால் அறியத்தக்கதைக் கண் அறியட்டும். புலன்களுக்கு எட்டாததையே சுருதி உணர்த்துகிறது என்பது இதன் கருத்து. கிறிஸ்தவ மரபிலும் இந்தக் குரல் இருந்தது. இயற்கையைப் பற்றிப் பிறர் நன்கறிந்த செய்திகளில் வேதாகமத்தின் பெயரால் பிதற்றினால், நூலே நகைப்புக்கு உள்ளாகும் என்று புனித அகஸ்தீன் எச்சரித்தார். 1925-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அவருடைய எச்சரிக்கை மறக்கப்பட்டிருந்தது. நம்மவர் புராணங்களில் விமானத்தையும் அணுகுண்டையும் தேடும்போது சங்கரரின் எச்சரிக்கையும் அவ்வாறே மறக்கப்படுகிறது.

பஞ்சாங்கத்தில் இத்தனை அளவு மழை என்று எழுதியிருக்கும். அதைப் பிழிந்தால் ஒரு துளி நீரும் வராது என்பார் ஸ்ரீராமகிருஷ்ணர். அவ்வாறு சொன்னவர் நூல்களைப் புறக்கணிக்கவில்லை. சம்பு சரண் மல்லிக் பைபிளை வாசிக்கச் சொல்லிப் பக்தியோடு கேட்டார். கேட்டதோடு அமையாமல் கிறிஸ்துவின் காட்சியையும் பெற்றார். மழைக்குறிப்பை வாசித்துவிட்டு வயலுக்குச் சென்று மழையில் நனைந்தவர் அவர்.

வீட்டுக்குள் விழுந்த கோடு

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். சபையில் சேர்ந்துவிட்ட தம்பியோடு எப்படிப் பேசுவது?

நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம் இருக்கிறது. அங்கே 1888-இல் ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தை அங்கே பொறித்து வைத்தார். 1924-இல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டியபோது, வாதிட்டு வெல்வதற்காகக் கூடவில்லை, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்று அறிவித்தார். இந்த மண்ணுக்கு உரிய மருந்து இந்த மண்ணிலேயே விளைந்திருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் நூலை நீங்கள் வாசியுங்கள். தம்பி நாள்தோறும் அதிகாலையில் எழுந்து வேதாகமம் வாசிக்கிறார்; அண்ணன் கீதையைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று? வாசிக்காதவன் வாசிப்பவனோடு வாதிட இயலாது. நாளுக்கு ஒரு சுலோகம் போதும்; வாசித்து முடித்ததும், 'இன்று இது யாரிடம் என்னைப் பணிவுடையவன் ஆக்கிற்று?' என்று உங்களையே கேளுங்கள்.

இரண்டாவது, பிரசாதத்தை வற்புறுத்தாதீர்கள். அவர் உண்ண மறுப்பது உங்களை அவமதிப்பதற்காக அன்று. தம் இறைவனுக்கு உண்மையாக இருப்பதாக எண்ணியே மறுக்கிறார். படைக்கும் முன்பே அவருக்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அன்னைக்குச் செய்யும் சிராத்தத்தில் மகனின் வயிறு நிறைவதும் ஒரு பகுதிதான்.

மூன்றாவது, திதியன்று அவருடைய இருக்கையை எடுத்துவிடாதீர்கள். பத்தாண்டுகள் அது காலியாக இருந்தாலும் இருக்கட்டும். 'உன் நூலை நீ காக்கிறாய். உன்னை நான் காக்கிறேன்' என்று சொல்லாமல் சொல்வது அந்த இருக்கை. நோய் வந்தால் முதலில் ஓடிச் செல்பவர் நீங்களாக இருங்கள். மருந்து வேண்டாம் என்று குழந்தையின் விஷயத்தில் சொன்னால், அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உறுதியாக நின்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது மத வாதமன்று, தர்மம்.

இறைவனின் மூச்சு எழுத்தாக வந்தது என்று இரு மரபுகளும் சொல்கின்றன. அதே மூச்சுதான் அண்ணனிடமும் தம்பியிடமும் உயிராக ஓடுகிறது என்றும் இரு மரபுகளும் நம்புகின்றன. நூலில் அவரைக் காண்பவர்கள் எதிரில் நிற்பவரிடமும் அவரைக் காணும் தெளிவை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!